பிரெண்டன் சொன்ன ஆசீர்வாதம்

டென்மார்க்கில், ஹேர்னிங் நகரில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லச் சமையலறைக்குப் பிரெண்டன் புதிதாக வந்த காலை, கதவைத் திறந்ததும், "கடவுள் இந்த வேலையை ஆசீர்வதிக்கட்டும்" என்று டேனிஷில் சொன்னார். எனக்குத் திக்கென்றது. எங்கள் இல்லத்தில் கடவுளின் பெயர் காதில் விழுந்தால் யாரோ போய்விட்டார்கள் என்று அர்த்தம். அகப்பையை வைத்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டு, "எத்தனையாம் அறை?" என்று கேட்டேன். மனிதர் திருதிருவென்று விழித்தார். பிறகுதான் விளங்கியது. அவர் அயர்லாந்துக்காரர், டேனிஷ் பெண்ணைக் கட்டி இங்கே வந்தவர். வேலை செய்கிறவர்களைக் கண்டால் அவருடைய ஊரில் ஆசி சொல்லாமல் கடந்துபோக மாட்டார்களாம். டேனிஷ்காரர் எல்லாவற்றுக்கும் நன்றி சொல்லுவார்கள், போன கிழமை சந்தித்ததற்குக்கூட. ஆசி சொல்லத்தான் வாய் வராது.

எனக்கு அது புதிதில்லை. மன்னாரில் சந்தைக்குப் போவதென்றாலும் என்னைப் பெற்ற ஐயா பெருவிரலால் என் நெற்றியில் சிலுவை போட்டு, ஆசியும் சொல்லித்தான் அனுப்புவார். இங்கே பிறந்த மகள் நிலானிக்கு நானும் அப்படித்தான் செய்துவந்தேன். அவளுக்குப் பத்து வயதிருக்கும்போது, ஒருநாள் பள்ளிக்கூட வாசலில், "மோர், இக்கே ஹேர்" என்றாள். அம்மா, இங்கே வேண்டாம். சொல்லிவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டு ஓடினாள். அதற்குப்பிறகு என் கை எழும்பவில்லை.

போன வசந்தத்தில் அவள் மத்தியாஸைக் கட்டப்போவதாகச் சொன்னாள். நகரசபை மண்டபத்தில்.

"கோயில் இல்லாமலோ?"

"அவன் ஞானஸ்நானமே எடுக்கேல்லை, அம்மா. பொய்யா நிக்கச் சொல்லுறீங்களோ?"

இரண்டு கிழமை நாங்கள் கதைக்கவில்லை. அருளில்லாத கலியாணம் என்று பிரெண்டனிடம் சொல்லி அழுதேன். கிழங்கு உரித்துக்கொண்டிருந்த அவர், "என்னையும் கூப்பிடு. எனக்குச் சாப்பாடு போட்டால் போதும், ஆசி தானாக வரும்" என்றார்.

கலியாணம் பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. வெளியே படிகளில் பிரெண்டன் தொண்டையைச் செருமினார்.

"உங்கள் சட்டியில் எப்போதும் இன்னொருவருக்கும் சாப்பாடு இருக்கட்டும். நீங்கள் சண்டை பிடித்தால், மழை வந்து உங்களை ஒரே குடைக்குள் தள்ளட்டும்."

"அப்படியென்றால் மழை ஓயாத ஹேர்னிங்கில் கவலையே இல்லை!" என்று மத்தியாஸின் தாய் பென்டே சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். சிரிப்போடு சிரிப்பாக நிலானி என் முன்னால் வந்து, நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிக்கொண்டு நின்றாள். என் பெருவிரல் எழும்பியது. போட்டேன். அவள் துடைக்கவில்லை.

"எனக்கு?" என்று மத்தியாஸ் குனிந்தான். இரண்டு மீற்றர் உயரம். அவனுக்கும் போட்டேன். கடவுளை நம்பாத நெற்றி; விரலுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. நான் கோயிலில் தேடிக்கொண்டிருந்தது, கேளாமலே அந்தப் படிக்கு வந்து நின்றதாகத் தோன்றியது.

திரும்பினால் பென்டே கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, தன் முறைக்குக் காத்திருந்தார். இருபத்தாறு வருடம் டேனிஷ் பேசுகிறேன், அந்த நேரத்தில் ஒரு டேனிஷ் சொல்லும் வரவில்லை. ஐயாவின் தமிழ்தான் வந்தது. அவருடைய ஆசி முழுவதையும் சொல்லி முடித்தேன். ஒரு சொல்லும் விளங்காத பென்டே, கண்ணை மூடியபடி, "ஆமென்" என்றார்.