பதினேழாம் திகதி, மாலை ஆறு மணி

மான் வேட்டைக்கு ஏர்னஸ்ட் போகப்போகிறான் என்று கேள்விப்பட்ட அன்று நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். ஆள் ஐந்தடி மூன்று அங்குலம். ஒக்லண்டில், கிளென் ஈடன் பக்கம் குளிர்சாதனப் பெட்டி திருத்துகிற வேர்க்‌ஷொப்பில் வேலை. வீட்டுப் பொறியில் எலி விழுந்தால், தூக்கி எறிவதற்கு மனைவி எமிலியைக் கூப்பிடுகிறவன்.

"எலிக்குப் பயந்தவர் மானுக்குப் போறாராம்" என்றேன்.

அவனுக்குக் கோபம் வரவில்லை. வருவதே அபூர்வம். எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்துக் கோபத்தை நான்தான் வைத்திருக்கிறேன்.

என் பெயர் குணரத்தினம். யாழ்ப்பாணத்துச் சைவக்காரன், வெள்ளிக்கிழமை மச்சம் மாமிசம் தொடமாட்டேன். மவுண்ட் ஆல்பர்ட்டில் குடியிருந்து பஸ் ஓட்டுகிறேன். ஏர்னஸ்ட் மன்னாரான், வேதக்காரன், கத்தோலிக்கன். 1988இல் இங்கே விசா அலுவலக வரிசையில் எனக்கு முன்னால் நின்றான். கையில் இருந்த படிவத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்ததைப் பார்த்து, பொறுக்கமுடியாமல் திருப்பிக் கொடுத்தேன். அன்றிலிருந்து சனிக்கிழமை பின்னேரமென்றால் ஒன்றில் அவன் என் வீட்டில் இருப்பான், இல்லாவிட்டால் நான் அவன் வீட்டில் இருப்பேன்.

அவன் தன்னுடைய கதையைச் சொல்லுகிற ஆளில்லை. எமிலி சொல்லித்தான் எனக்குத் தெரியும். மன்னாரில் ஐஸ் கொம்பனியில் மெசின் பார்த்தவன். 1985இல் எமிலியின் தமையன் றெஜினோல்ட் சாமான் வாங்க வவுனியாவுக்குப் போனவர், திரும்பி வரவில்லை. எங்கே தேடுவது, யாரிடம் முறையிடுவது? முறையிடப் போகிறவனையும் பிடித்து வைத்துக்கொள்ளுகிற காலம். இரண்டு மாதம் பார்த்துவிட்டு, ஏர்னஸ்ட் எமிலியைக் கூட்டிக்கொண்டு படகேறி இராமேஸ்வரத்துக்கு வந்துவிட்டான். மண்டபம் அகதி முகாமில் இரண்டரை வருடம். பிறகு சென்னை. பிறகு ஒக்லண்ட்.

"பெரிய பயணம் மூண்டு செய்திட்டன் அண்ணை" என்று ஒருநாள் சொன்னான். "மூண்டும் ஒருவழிப் பயணம்தான்."

வேட்டைக்கு அவனைக் கூப்பிட்டவர்கள் அவனோடு வேலை செய்கிற மறியும் கீத்தும். இருவரும் வெள்ளைக்காரர்கள். வருடாவருடம் மே மாதம் நாலு பேராகச் சேர்ந்து ஸ்டூவர்ட் தீவுக்குப் போவார்களாம். இந்த நாட்டின் தெற்குக் கரைக்கும் தெற்கே, கடலுக்கு அப்பால் இருக்கிற தீவு அது. வெள்ளை வால் மான் அங்கேதான் நிறைய. தீவுக்காரனுக்குக் காடு வீட்டு வளவு மாதிரி. வெளியூரான் நினைத்தபடி துவக்கோடு நுழைய முடியாது. காட்டைத் துண்டு துண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். மாதக்கணக்கு முந்தியே ஒரு துண்டைப் பதிந்து, பெர்மிட் எடுத்து, விமானத்தில் பாதி, கப்பலில் மீதி என்று போய்ச் சேரவேண்டும். ஒரு சின்னப் படகு கொண்டுபோய்க் குடிசையடியில் இறக்கிவிடும். எட்டாம் நாள்தான் திரும்ப வரும். 1997ஆம் ஆண்டு அவர்களுடைய நாலாவது ஆளுக்கு முழங்காலில் ஒப்பரேஷன். ஒரு கட்டில் காலி.

"ஒன்பது வருசத்தில இந்த நாட்டுக்காரர் ஒருத்தர் என்னை எங்கையாவது வா எண்டு கூப்பிட்டது இதுதான் முதல்தரம்" என்றான் ஏர்னஸ்ட். நான் சிரிப்பை நிறுத்திக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் வேறு கதை இல்லை. தடித்த சீ.ஆர். கொப்பி ஒன்று வாங்கினான். கடல் வற்றுப்பெருக்கு நேரம், கப்பல் நேரம், சூரியன் மறைகிற நேரம் எல்லாம் அதில் ஏறின. நாலு பேருக்கு எட்டு நாளைக்கு எத்தனை சுண்டு அரிசி, எவ்வளவு பருப்பு என்று எழுதினான். மறியின் கூட்டம் பன்னிரண்டு வருடமாகப் பாண் கொண்டுபோய் ஐந்தாம் நாள் பூஞ்சணம் தட்டி எறிகிற கூட்டம். ஏர்னஸ்ட் இடியப்ப மாவை வறுத்து, செத்தல் மிளகாயும் மாசிக் கருவாடும் போட்டுச் சம்பல் இடித்து, எல்லாவற்றையும் பால்மாத் தகரப் பேணிகளில் அடைத்து, மூடியைச் சுற்றி மெழுகுதிரியை உருக்கி ஊற்றினான். படகில் கடல்தண்ணி பட்ட அரிசியைத் தின்று பார்த்தவனுக்கு அந்த அருமை தெரியும். மறி ஒரு பேணியைத் திறந்து சம்பலை வாயில் போட்டுவிட்டுக் கண்ணீர் வடிய, "இனி நீதான் எங்கள் தலைவன்" என்று சொன்னானாம். அதை எனக்குச் சொன்னபோது ஏர்னஸ்டின் காதுவரைக்கும் சிரிப்பு.

மகள் ரேச்சலுக்குப் பத்து வயது. "டாட், பாம்பியைச் சுடப்போறியா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். பாம்பி என்பது கார்ட்டூன் படத்தில் தாயை வேட்டைக்காரனிடம் பறிகொடுத்த மான்குட்டி. அதுக்கு அம்மா இல்லாட்டி விட்டிடுவேன் என்று இவன் தமிழில் பதில் சொன்னான்.

எல்லாம் சரி. துவக்கு லைசென்ஸ் எடுக்கவேண்டும். அது கையில் இல்லாவிட்டால் பெர்மிட் இல்லை. மறி ஏப்ரல் இருபத்தைந்துக்குள் எல்லோருடைய லைசென்ஸ் இலக்கத்தையும் அனுப்பவேண்டும். தவறினால் அந்தக் கட்டில் பக்குரங்காவில் இருக்கிற கீத்தின் மைத்துனனுக்குப் போய்விடும்.

பாதுகாப்பு வகுப்புக்குப் போனான். முப்பது கேள்விச் சோதனையில் ஒன்றுகூடப் பிழைவிடவில்லை. துவக்கு வைக்கிற அலுமாரிக்கு இரும்புப் பூட்டுப் போட்டான். மிச்சம் இருந்தது ஒன்றுதான். பொலிஸ்காரர் வீட்டுக்கு வந்து கதைப்பார். மனைவியோடு தனியாகக் கதைப்பார். சொந்தமில்லாத, ஆனால் அவனை நன்றாகத் தெரிந்த ஒருவரையும் போய்க் காண்பார்.

"உங்கட பேரைக் குடுக்கட்டோ அண்ணை?"

"குடும் ஐசே! ஒரு பொலிசுக்கு மறுமொழி சொல்ல எனக்குத் தெரியாதோ?" என்று நெஞ்சை நிமிர்த்தினேன்.

எனக்கும் அவனுக்கும் பயமெல்லாம் எமிலியைப் பற்றித்தான். துவக்கு என்ற சொல்லைக் கேட்டாலே எழும்பி அடுப்படிக்குப் போகிறவள். பொலிஸ்காரர் கேட்டால் அழுவாளோ, வேண்டாம் என்பாளோ என்று இரண்டு பேரும் கவலைப்பட்டோம்.

என் வீட்டுக்கு அவர் வந்தது ஏப்ரல் முதல் செவ்வாய், காலை பத்து மணிக்கு. வாசலில் பொலிஸ் கார் வந்து நின்றது. நல்ல மனுசன், நரைத்த மீசை. சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். தேத்தண்ணி கொடுத்தேன். அவர் பேனையைத் திறந்தார்.

"ஏர்னஸ்டை உங்களுக்கு எவ்வளவு காலமாகத் தெரியும்?"

"அவ்வளவாகத் தெரியாது" என்றேன்.

நான் யோசித்துச் சொல்லவில்லை. என் வாய் தானாகச் சொன்னது. அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"அடிக்கடி சந்திப்பீர்களா?"

"இல்லை. எப்போதாவது. றோட்டில்."

"எப்படிப்பட்ட ஆள்?"

"தெரியாது, சேர்."

"யாரோடு பழகுவார்?"

"எனக்கு ஒன்றும் தெரியாது, சேர்."

அவர் தேத்தண்ணியைக் குடித்து முடித்து, நன்றி சொல்லிவிட்டுப் போனார். கதவைச் சாத்தியபோது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். சிநேகிதனைக் காட்டிக்கொடுக்காமல் தப்பிவிட்டேன் என்றே நினைத்தேன். கோப்பையைக் கழுவும்போதுதான் கை அப்படியே நின்றது. என்ன வேலை பார்த்துவிட்டேன்!

ஒருவருக்கும் சொல்லவில்லை. அந்தச் சனிக்கிழமை தலைவலி என்று அவன் வீட்டுக்கும் போகவில்லை. அடுத்த சனிக்கிழமை ஏர்னஸ்டே எமிலியையும் கூட்டிக்கொண்டு வந்தான்.

"அண்ணை, ஒரு வேடிக்கை கேளுங்கோ. பொலிசில இருந்து போன் வந்தது. நான் குடுத்த ஆளுக்கு என்னைத் தெரியாதாம். வேற ஆளின்ர பேரைத் தந்து திரும்பத் தொடங்கட்டாம். அது முடிய மே கடைசி ஆகுமாம். அந்தப் பொலிஸ்காரர் வேற ஆரின்ரையோ வீட்டுக்கு மாறிப் போட்டார் போல."

அவனுக்கு என்மேல் ஒரு துளி சந்தேகம் இல்லை. அதுதான் என்னைக் கொன்றது. எமிலி என் முகத்தைப் பார்த்தாள்.

"அண்ணை, இஞ்சதானே வந்தவர்?"

"ஓம்."

"என்ன சொன்னனீங்கள்?"

சொன்னேன். ஏர்னஸ்ட் எழும்பி வந்து எனக்குப் பக்கத்தில் இருந்தான். பிறகு, "பரவாயில்லை அண்ணை. உங்களைப் பற்றிக் கேட்டிருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பன். அடுத்த வருசம் போவம்" என்றான்.

எமிலி விடவில்லை.

"அதென்ன பரவாயில்லை? என்னட்டையும்தான் கேட்டவர். வீட்டில துவக்கு இருந்தால் பயமோ எண்டு. ஓம், துவக்கைக் கண்டால் எனக்குப் பயம் எண்டு சொன்னன். இவரைக் கண்டு பயமில்லை எண்டும் சொன்னன். பொலிசெண்டால் எனக்கும் பயம்தான். ஆனால் உள்ளதைச் சொன்னன். நான் சொன்னன், உங்களுக்குச் சொல்ல ஏலாமல் போச்சுதோ?"

ஒன்பது வருடத்தில் அவள் என்னிடம் குரலை உயர்த்தியது அன்றுதான்.

திங்கட்கிழமை வேலைக்கு லீவு போட்டேன். ஐம்பத்திரண்டு வயதில், யாரும் இழுத்துக்கொண்டு போகாமல், என் சொந்தக் காலில் முதன்முதலாக ஒரு பொலிஸ் நிலையத்துக்குள் போனேன். வாசலில் இரண்டு தரம் திரும்பி நடந்துவிட்டு மூன்றாம் தரம்தான் உள்ளே நுழைந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நரைத்த மீசைக்காரர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். கதிரை போட்டார்.

"அன்றைக்கு நான் பொய் சொன்னேன்" என்றேன், என்னுடைய பஸ்கார ஆங்கிலத்தில். "ஏர்னஸ்டை எனக்கு ஒன்பது வருடமாகத் தெரியும்."

"அப்படியானால் ஏன் தெரியாது என்றீர்கள்?"

"எங்கள் ஊரில் பொலிஸ் வந்து ஒரு சிநேகிதனைப் பற்றிக் கேட்டால், தெரியாது என்று சொல்வதுதான் சிநேகிதம்."

அவர் கோப்பைத் திறந்து புதிய தாள் ஒன்றை எடுத்தார். "ஆறுதலாகச் சொல்லுங்கள்" என்றார்.

சொன்னேன். எனக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்த பதினொரு நாளும் வேலை முடிந்து நேரே வந்து பக்கத்தில் இருந்ததைச் சொன்னேன். நத்தார்ப் பண்டிகை அன்று சாப்பாட்டிலிருந்து எழும்பிப்போய் முன்பின் தெரியாத ஒரு கிழவியின் பிரிஜ்ஜைத் திருத்திக் கொடுத்ததைச் சொன்னேன். எலிப்பொறிக் கதையையும் சொன்னேன். அதற்கு அவர் சிரித்தார். காட்டில் அவன் துவக்கோடு வந்தால் நம்புவீர்களா என்று கேட்டார்.

"எனக்குப் பின்னால் அவன் துவக்கோடு நடந்து வந்தால், நான் திரும்பிப் பார்க்காமல் நடப்பேன்" என்றேன். சொல்லும்போது கண் கலங்கிவிட்டது. அவர் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் இருபத்துநாலாம் திகதி லைசென்ஸ் தபாலில் வந்தது. ஏர்னஸ்டின் படம் போட்ட சின்ன அட்டை. மன்னாரில் அவன் முகத்தை அடையாள அட்டைப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த துவக்குக்காரரெல்லாம் அவனைச் சந்தேகப்பட்டுத்தான் பார்த்தார்கள். இந்த அட்டையோ அவனை நம்பலாம் என்று சொன்னது. எமிலி அதை ஒருதரம் மாதா சுருவத்தடியில் வைத்து எடுத்தாள்.

புறப்படுவதற்கு முதல்நாள் ஏர்னஸ்ட் ஒரு கடுதாசியோடு வந்தான். காட்டுக்குப் போகிறவர்கள் இந்த நாட்டில் அப்படி ஒன்றை எழுதிக் கொடுத்துவிட்டுப் போவது வழக்கமாம். எங்கே போகிறோம், எந்தக் குடிசை, எந்தப் படகு, யார் யார் எல்லாம் இருந்தது. கடைசியில் ஆங்கிலத்தில் எழுதி, எமிலிக்காகக் கீழே தமிழிலும் எழுதியிருந்தான்: மே 17 சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் நான் தொலைபேசி எடுக்காவிட்டால் பொலிசுக்கு அறிவிக்க வேண்டியவர், குணரத்தினம்.

"என்ர பேரையோ போட்டனீர்?" என்றேன். "நடந்ததுக்குப் பிறகுமோ?"

"இப்ப உங்களுக்குப் பொலிஸ் ஸ்டேசன் வழி தெரியும்தானே அண்ணை" என்றான். வாய் திறக்காத அந்த அமசடக்கி பகிடியும் விடுவான் என்று அன்றுதான் கண்டேன்.

எமிலி கடுதாசியை வாங்கி இரண்டு தரம் வாசித்தாள். "றெஜி அண்ணா போகேக்க, எத்தனை மணிக்கு வருவீங்கள் எண்டு நாங்கள் ஒருத்தரும் கேக்கேல்லை. வராட்டி சொல்லுறதுக்கும் ஒருத்தர் இருக்கேல்லை" என்றாள். பிறகு கடுதாசியை என் கையில் தந்தாள்.

பதினேழாம் திகதி மூன்று மணிக்கே எமிலியும் ரேச்சலும் என் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். தெற்கே காற்று என்று வானொலி சொன்னது. நாலு மணி. ஐந்து மணி. ரேச்சல் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு வந்து தாய்க்குப் பக்கத்தில் இருந்தாள். ஐந்தரைக்கு நான் கடுதாசியை மேசையில் விரித்து, பொலிஸ் நிலைய இலக்கத்தைப் பக்கத்தில் எழுதி வைத்தேன். ஆறு அடித்தால் எடுத்து, ஏர்னஸ்டை எனக்கு நன்றாகத் தெரியும், அவன் இன்னும் வரவில்லை என்று சொல்வேன்.

ஆறு மணிக்கு எட்டு நிமிடம் இருக்கையில் போன் அடித்தது.

"அண்ணை, கரைக்கு வந்திட்டம். கப்பல் பிந்திப் போச்சு. கடல் ஆட்டத்தில மறியும் கீத்தும் சத்தி எடுத்துக்கொண்டிருக்கினம், எனக்கு ஒண்டுமில்லை. மான் ஒண்டு கிடைச்சுது. நாளைக்கு ஞாயிற்றுக்கிழமைதானே, நீங்கள் சாப்பிடலாம்."

"இறைச்சி கிடக்கட்டும், முதலில இவவோட கதையும்" என்று எமிலியிடம் கொடுத்தேன். அவள் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டே நின்றாள். கண்ணீர் தாரை தாரையாக வடிந்தது. "ஓம்" என்றாள். "ஓம், வாங்கோ" என்றாள்.

போனை வைத்துவிட்டு ரேச்சலின் பென்சிலை வாங்கினாள். கடுதாசியில் ஆறு மணி என்று இருந்த இடத்துக்குக் கீழே, வந்திட்டார் என்று எழுதினாள்.