மலை பதில் சொல்லாத மத்தியானம்

தலவாக்கலை டவுனில் இரண்டு மாடிக் கடை கட்டியிருக்கிறேன். லவுட்ஸ்பீக்கர் சர்வீஸ், கல்யாணப் பந்தல் சாமான், ஜெனரேட்டர் எல்லாம் அங்கேதான். சாமான் ஏற்ற சொந்த லொறி உண்டு. மூத்த மகள் டீச்சர், சின்னவள் பேங்கில். இவ்வளவுக்கும் நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவன். பிரஜாவுரிமை இல்லை என்று எங்கள் சனம் இந்தியாவுக்குக் கப்பல் ஏறின காலத்தில், ஏறமாட்டேன் என்று நின்றவன். உடைந்த அம்பிளிபயரைப் பிரித்துப் பூட்டி நானாகவே தொழில் படித்தேன். ஒருத்தரும் கை கொடுக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனிமேல் எழுதப்போவதை ஏதோ தண்ணி போட்டவன் உளறல் என்று யாரும் தள்ளிவிடக் கூடாது.

இது நடந்தது எண்பதுகளின் ஆரம்பத்தில், டயகம பக்கத்தில் ஒரு தோட்டத்தில். ஆடித் திருவிழா, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஒரு வாரமாக விடாமல் மழை பெய்து அன்றைக்குத்தான் நின்றிருந்தது. ஆனால் பனி இறங்கிவிட்டது. தேயிலைக் கொழுந்து நிறுக்கிற மடுவம் இருக்கிறதே, அதைத்தான் மேடையாக்கியிருந்தோம். அங்கிருந்து பார்த்தால் சரிவில் இருந்த கீழ் லயத்து வரிசை வீடுகள்கூடத் தெரியவில்லை, பத்தடிக்கு அப்பால் வெள்ளைச் சீலை தொங்கவிட்ட மாதிரி இருந்தது.

பாட வந்தவள் அந்தத் தோட்டத்துப் பிள்ளைதான். பேர் சொல்லவேண்டாம், வயசானவர்களுக்குச் சொல்லாமலே தெரியும். பாவாடை சட்டை வயசில் கொழும்பில் ஒரு வீட்டுக்கு வேலைக்குப் போனாள். வீடு கூட்டும்போது பாடுவாளாம். அடுத்த வீட்டில் பேண்ட் வாசிக்கிற ஓர் ஆள் கேட்டு, ஹோட்டல் மேடையில் கொண்டுபோய் விட்டார். முதலில் பைலாப் பாட்டுத்தான் பாடினாள். பிறகு கப்பலில் வந்த யாரோ மேற்கிந்தியத் தீவுப் பாட்டு கசெட் ஒன்றைக் கொடுக்க, அதைப் பிடித்துக்கொண்டாள். சோக்கா என்று அதற்குப் பேர். கால் சும்மா நிற்காது, அப்படி ஓர் ஓட்டம்.

அவள் ஸ்டைலே வேறு. வெள்ளைக் காற்சட்டைக்கு மேல், கொழுந்து எடுக்கிற பொம்பிளைகள் சேலை நனையாமல் இடுப்பில் கட்டுவார்களே, அந்தப் படங்குச் சாக்கைக் கட்டியிருப்பாள். சாக்கு பூராவும் மினுமினு தகடு தைத்திருக்கும். கொழும்பு ஆட்கள் அதைப் புது ஃபேஷன் என்று நினைத்தார்கள். பாட்டுக்கு நடுவில், மலைக்கு மலை கொழுந்துக்காரிகள் கூப்பிடுகிற மாதிரி "ஹோ...ய்" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டு நிற்பாள். சனம் திருப்பிக் குரல் கொடுத்தால்தான் மறுவரி.

அன்றைக்கு அவளுக்குப் பாட்டில் கவனமே இல்லை. வயரைப் பூட்டிக்கொண்டிருந்த என் பக்கத்தில் வந்து குந்தினாள்.

"அண்ணே, எங்கம்மா வருவாங்களா?"

"கீழ் லயம் பூரா வராது தங்கச்சி. தேரு அந்தப் பக்கம் போகலைன்னு கோவமா இருக்காங்க."

"அம்மாவுக்குத் தேரு மேல கோவமா, என் மேலயா?"

"ரெண்டும்தான்."

காலையிலேயே கீழ் லயத்துக்குப் போயிருக்கிறாள். தாய் கதவைத் திறக்கவில்லை. உள்ளே இருந்தபடியே, "ஒங்கப்பன் சாவுக்கு அடிச்ச தப்புச் சத்தம் ஒன் காதுல விழல. ஒன் பாட்டு மட்டும் என் காதுல விழணுமா?" என்று கேட்டிருக்கிறது. தகப்பன் செத்தபோது இவள் உல்லாசக் கப்பல் ஒன்றில் பாடிக்கொண்டிருந்தாள். தந்தி கிடைத்தபோது எல்லாம் முடிந்துவிட்டது. மறுநாள் விடிய பேண்டோடு வெளிநாடு போகிறாள், எப்போது திரும்புவாள் என்று அவளுக்கே தெரியாது. அதற்குள் தாய் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது.

நான் மைக் டெஸ்ட் பண்ணினேன். அந்த மடுவத்தில் மைக்கைத் தட்டினால் எதிர் மலையில் பட்டுச் சத்தம் அப்படியே திரும்பி வரும். எத்தனையோ திருவிழாவுக்குப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு வரவில்லை. வயரைப் பார்த்தேன், குழாய் ஸ்பீக்கரைப் பார்த்தேன், எல்லாம் சரி. மறுபடி தட்டினேன். சத்தம் போகிறது, திரும்பி வரவில்லை. பனி விழுங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். கீழ் லயத்து நாய்கள் எல்லாம் மேலே வந்து மேடைக்கு அடியில் படுத்திருந்தன. அடித்து விரட்டியும் போகவில்லை. மலை ஊற்றுத் தண்ணி விழுகிற பீலிக்குப் போன ஒரு பொம்பிளை வெறும் குடத்தோடு வந்து, "இந்த மழையில பீலி வத்திப் போச்சு, என்னா அநியாயம்" என்று சொல்லிக்கொண்டு போனது. நாங்கள் சிரித்தோம்.

முதல் பாட்டுக்கு மேல் லயத்துப் பையன்கள் நன்றாக ஆடினார்கள். அவள் மட்டும் கீழே போகிற பாதையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் பாட்டு முடிந்ததும் என்னிடம் வந்தாள்.

"அண்ணே, நீங்க தப்படிக்கிறவரு மகன்தானே? சாவு அடி அடிங்க."

எனக்கு உடம்பு கூசிவிட்டது. செத்துப்போன என் அப்பா அந்தத் தோட்டத்துத் தப்புக்காரர். விடிய வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்குக் கூப்பிட ஓர் அடி, சாமிக்கு ஓர் அடி, சாவுக்கு ஓர் அடி. சாவு அடி கேட்டால் லயத்துக்குள் ஒருத்தரும் இருக்கக் கூடாது. பேச்சுவார்த்தை இல்லாதவன்கூட வெளியே வந்து, யார் என்று கேட்டு, வந்து நிற்க வேண்டும். எங்கள் சனத்தில் அதற்கு மேல் ஒரு சட்டம் கிடையாது. ஆனால் அந்தத் தப்பைத் தொடமாட்டேன் என்றுதான் நான் தோட்டத்தை விட்டு வந்ததே.

"திருவிழாவுல சாவு அடியா? என்னைய அடிச்சே கொன்னுருவானுங்க."

"அப்ப அடிச்சது வீணாப் போகாது" என்றாள். சிரிக்கவில்லை. "அந்தத் தீவுப் பாட்டு இருக்கே அண்ணே, நம்ம சாவு அடிய ஓட விட்ட மாதிரியே இருக்கும். நம்ம ஊர்ப் பக்கத்து ஆளுங்களையும் கரும்புக் காட்டுக்குன்னு அங்க ஏத்திக்கிட்டுப் போனாங்களாம். நீங்க அடிங்க, நான் அதுமேல ஆடிருவேன்."

கோயில் தப்பை வாங்கினேன். ஈரத்தில் தோல் தொய்ந்து கிடந்தது. தேயிலைச் செடியின் காய்ந்த மிலாறுக் குச்சியைப் பற்ற வைத்து அனலில் காட்டினேன். தோல் இறுகி, விரலால் சுண்டினால் பேசுகிற பதம் வந்தது. கூட்டத்தில் ஒருத்தன், "சவுண்டு மொதலாளிக்கு அப்பன் தொழில் ஞாபகம் வந்திருச்சுடோய்" என்றான். நான் மைக்கைத் தப்புக்கு முன்னால் இழுத்தேன். குழாயைக் கீழ் லயத்துப் பக்கம் நானே திருப்பினேன். அடித்தேன்.

அத்தனை வருஷம் தொடாத கை, ஒரு அடி தவறவில்லை. கூட்டம் அப்படியே நின்றுவிட்டது. பெரியவர்கள் தலைத் துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்தார்கள். தோட்டத் தலைவர் என்னை நிறுத்த எழுந்தவர், பாதி வழியில் நின்று தானும் துண்டை அவிழ்த்தார். அவள் முதலில் அசையாமல் நின்று கேட்டாள். பிறகு மெல்ல ஆடத் தொடங்கினாள். நான் அடியை ஓட விட்டேன். அது சாவுக்கும் இல்லை, கல்யாணத்துக்கும் இல்லை, வேறு என்னவோ ஆகிவிட்டது. அவள் பனியைப் பார்த்து "ஹோ...ய்" என்றாள். கூட்டமும் பதில் சொல்லவில்லை, மலையும் சொல்லவில்லை.

அப்போதுதான் அவர்கள் வந்தார்கள். பனிக்குள்ளிருந்து சாக்கு போர்த்திய தலைகள், ஒன்று, பின்னால் இன்னொன்று. பிள்ளை வைத்திருந்தவர்கள் பிள்ளையோடு. நடக்க முடியாத கிழவர் ஒருவரை மகன் முதுகில் சுமந்து வந்தான். கீழ் லயம் பூராவும் மேலே ஏறி வந்தது. செத்தவர்களே எழுந்து வருகிறார்களோ என்று எனக்கு ஒரு நிமிஷம் தோன்றிவிட்டது. கையை நிறுத்த முடியவில்லை.

முன்னால் வந்தது அவள் தாய். நேராக மேடையில் ஏறியது.

"யாருடி செத்தது?"

"யாரும் சாகலம்மா. அப்பாவுக்குத்தான். அன்னைக்கு நான் கேக்காத அடிய இன்னைக்கு அடிக்கச் சொன்னேன்."

தாய் கையை ஓங்கியது. நான் அடிப்பதை நிறுத்தினேன்.

அடி நிற்கவில்லை. தப்பு என் மடியில் கிடக்கிறது, குச்சி இரண்டும் என் கையில். ஆனால் கீழே, அவர்கள் விட்டு வந்த லயத்துப் பக்கத்திலிருந்து, அதே சாவு அடி கேட்கிறது. மெதுவாக, என் அப்பா அடிக்கிற பதத்தில். நான் மட்டும் இல்லை, அங்கே நின்ற எல்லாரும் கேட்டார்கள். ஓங்கின கை ஓங்கினபடியே நின்றது. பச்சை மண் வாசனை ஒன்று குப்பென்று வந்தது. அதற்குப் பிறகு கல் லொறி கவிழ்க்கிற மாதிரி ஒரு சத்தம். காலடியில் மடுவம் ஆடியது.

பனி விலகியபோது கீழ் லயம் இல்லை. மலை அதன் மேல் உட்கார்ந்திருந்தது. ஒரு கதவு மட்டும் சேற்றில் நட்ட மாதிரி நின்றது. மாடு, கோழி போயிற்று. மனுஷர் ஒருத்தர் போகவில்லை. தாய் மடுவத்துப் படியில் உட்கார்ந்து, மகள் இடுப்பில் இருந்த சாக்கின் ஓரத்தைக் கையில் சுருட்டிப் பிடித்தது. இருட்டும்வரை விடவில்லை. தேர்ச் சண்டை பிடித்தவர்கள் அன்றைக்கு மேல் லயத்து வீடுகளில்தான் படுத்தார்கள்.

மறுநாள் அவள் சொன்னபடி வெளிநாடு போனாள், தாய் பஸ்வரைக்கும் கூட வந்தது. நான் அவளிடம் கேட்டேன், முன்னாலேயே ஏதும் தெரியுமா என்று. "தெரியாதுண்ணே. நான் கூப்பிட்டேன், மலை பதில் சொல்லல. அதான் பயமா இருந்துச்சு" என்றாள். அதற்கு மேல் அவளுக்கும் தெரியாது.

அந்த அடியை வைத்து அவள் போட்ட பாட்டுத்தான் அவளைப் பெரிய ஆளாக்கியது. துபாய், லண்டன் என்று எத்தனையோ மேடை. கசெட் அட்டையில் இசை என்று பேண்ட்காரர் பேர் இருக்கிறது. ரேடியோவில் பேட்டி எடுத்தபோது, அந்தத் தாளம் பனியிலிருந்து தனக்கு வந்தது என்று அவளே சொன்னாள். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் தாளம் பனியிலிருந்து வரவில்லை. என் கையிலிருந்து வந்தது, அதற்கு முன்னால் என் அப்பா கையிலிருந்து. ஒரு லயத்தை வெளியே கூப்பிட்டதும் அதுதான். அவளைப் பற்றி இனி எழுதுகிறவர்கள், தப்படிக்கிறவர் மகன் ஒருவன் அடித்தான் என்று ஒரு வரி சேர்க்க வேண்டும், அது எனக்குச் சேர வேண்டியது. அந்தத் தப்பைத் தொடக் கூசின காலம் போய், இப்போது கடையில் என் நாற்காலிக்கு மேலேதான் மாட்டி வைத்திருக்கிறேன். நான் நிறுத்தின பிறகு கீழே கேட்ட அடிக்கு மட்டும் என் பேரைப் போடச் சொல்ல எனக்குத் துணிவு இல்லை, அதை அடித்தவர் யாரோ அவர் வந்து தன் பேரைக் கேட்டுக்கொள்ளட்டும்.