சூடா மாக்கான்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். மாதர் கூட்டத்தில் எழுந்து ஒரு வசனம் சொல்லச் சொன்னாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்டவள் ஊர்ச் சபைப் பத்திரிகைக்கு எழுதத் துணிந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள். என் வீட்டுக்காரர் இருந்தால் அவர்களே எழுதியிருப்பார்கள். சயாமில் ரயில்பாதை போட ஜப்பான்காரன் கொண்டுபோனவர்களில் அவர்களும் ஒருவர். திரும்பி வரவில்லை.

அவர்களை உபதேசியாராகப் பினாங்குக்கு அனுப்பியபோது எங்கள் மூத்தவள் ஜெபமணிக்கு ஏழு வயது, சின்னவள் செல்வி கைக்குழந்தை. வந்த மறுநாள் காலை வாசலைத் திறந்தேன். பக்கத்து வீட்டுச் சீன அம்மா, எல்லாரும் ஆசோ என்று கூப்பிடுகிறவள், என் வீட்டுக்காரரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "சூடா மாக்கான்?" என்றாள். நம் பக்கத்தில் மாக்கான் என்றால் ஒன்றுக்கும் உதவாத தடியன் அல்லவா? ஊழியக்காரரைப் போய் இப்படிச் சொல்கிறாளே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுநாளும் சொன்னாள். அதற்கு மறுநாள் என்னையும் சொன்னாள். ஒரு மாதம் அவளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கடைசியில் என் வீட்டுக்காரரிடம் சொல்லி அழுதேன். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "ஏ எஸ்தர், அது மலாய் பாஷை. சாப்பிட்டாச்சான்னு கேக்கா. இங்க அதான் கும்பிடு." அன்றிலிருந்து ஆயர் ஈத்தாம் என்கிற ஊர்ப் பக்கம் சபையார் வீடுகளைச் சந்தித்துவிட்டு வந்தால், "மாக்கான் வந்தாச்சு" என்று சொல்லிக்கொண்டேதான் உள்ளே வருவார்கள்.

சாயங்காலக் குடும்ப ஜெபத்தில் அவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆளுக்கு ஒரு காரியத்துக்காக ஸ்தோத்திரம் சொல்ல வேண்டும். அன்றைக்கு நடந்த காரியமாக இருக்க வேண்டும். ஜெபமணி, "அப்பா தொப்பியத் தலையில வச்சிக்கிட்டே வீடெல்லாம் தேடுனாங்க, அதுக்கு ஸ்தோத்திரம்" என்பாள். "பசார்ல அண்ணே எனக்கு ஒரு வாழப்பழம் சும்மா குடுத்தாரு லா" என்பாள் செல்வி. நான் எப்போதும், "எல்லாத்துக்காகவும் ஸ்தோத்திரம்" என்று முடித்துவிடுவேன். "எல்லாத்துக்கும்னா ஒண்ணுக்கும் இல்லன்னு அர்த்தம்ட்டி" என்பார்கள். பேச வராதவளை இப்படிப் படுத்துகிறார்களே என்று எரிச்சலாக இருக்கும். அந்தச் சாயங்காலங்கள் எத்தனை வந்துபோயின! அன்றன்றைக்கு நான் ஒன்றையும் எடுத்துச் சொல்லாததால் பலது மறந்தும் போய்விட்டது.

ஜப்பான்காரன் வந்த பிறகு அரிசி அரிதாயிற்று. மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கு. அப்போதுதான் கவனித்தேன், தெருவில் ஒருவரும் "சூடா மாக்கான்?" என்று கேட்பதில்லை. இல்லை என்று பதில் வந்தால் என்ன செய்வது? ஆசோகூடத் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனாள்.

எங்கள் வீட்டில் ஒரு பானையில் மட்டும் அரிசி இருந்தது. உலை வைக்கும்போதெல்லாம் கர்த்தருக்கென்று ஒரு பிடி எடுத்துப் போடுகிற பிடியரிசிப் பானை. உங்கள் வீடுகளிலும் உண்டே. கோயிலை ஜப்பான்காரன் சாமான் போட எடுத்துக்கொண்டதால் காணிக்கை சேர்க்க யாரும் வரவில்லை. மாதம் ஒருமுறை வெயிலில் கொட்டி, வண்டு பொறுக்கி, மறுபடி பானையிலே போட்டுவைப்பேன். பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார்கள், கேட்கமாட்டார்கள். அது நம்முடையது அல்ல என்று அப்பா சொல்லியிருந்தார்கள்.

சயாமுக்குப் போகிறவர்கள் பட்டியலில் அவர்கள் பெயர் இருப்பதாகத் தெரிந்தது. காலையில் லாரி வரும் என்றார்கள். அவர்கள் சபையாரிடம் சொல்லிவர வெளியே போனதும் நான் அந்தப் பானையை எடுத்தேன். ஒரு மணிகூட மிச்சம் வைக்காமல் உலையில் போட்டுவிட்டேன். வாசலையே பார்த்துக்கொண்டிருந்ததில் அடியும் பிடித்துப்போயிற்று.

பொழுது சாய வந்து உட்கார்ந்தார்கள். தட்டில் சோற்றைப் பார்த்தார்கள். மூலையில் கவிழ்த்திருந்த பானையைப் பார்த்தார்கள்.

"மிச்சம் இருக்கா எஸ்தர்?"

"இல்ல. எல்லாத்தையும் போட்டுட்டேன்."

பிள்ளைகள் தட்டில் கை வைக்கவில்லை. அவர்கள் ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "அப்படின்னா ஆசோவுக்கும் ஒரு கிண்ணம் கொண்டுபோ. காணிக்கைன்னா வீட்டத் தாண்டிப் போகணும்லா" என்றார்கள்.

கிண்ணத்தோடு போய் அவள் வாசலில் நின்றேன். எனக்கு வேறு வார்த்தை வரவில்லை. "சூடா மாக்கான்?" என்றேன். நானாக அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை. அவள் கிண்ணத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "பெலும்" என்றாள். இன்னும் இல்லை என்று அர்த்தம். அந்தக் கேள்விக்கு அப்படி ஒருவர் பதில் சொல்லி நான் கேட்டதே இல்லை. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

இப்போது சண்டை முடிந்து ஊரிலிருந்து கடிதம் வருகிறது, பிள்ளைகளோடு வந்துவிடு என்று. போகத்தான் ஆசை. ஆனால் சயாமுக்குப் போன பாதை இந்தக் கரையிலிருந்து அல்லவா போகிறது? அவர்களுக்குக் கல்லறை அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை. மறுபடி அரிசி கிடைக்கிறது. பானையில் பிடி போடுகிறேன். எந்தக் கோயிலுக்கு என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

அன்றைக்கு ஆசோ வீட்டிலிருந்து நான் திரும்பி வந்தபோது சாப்பிட்டு முடித்திருந்தார்கள். ஜெபத்தில் பிள்ளைகள் இரண்டு பேரும் சோற்றுக்காக ஸ்தோத்திரம் சொன்னார்கள். என் முறை வந்தது.

"அடிப்பிடிச்ச சோத்த அப்பா கரண்டியால சுரண்டித் தின்னாங்க. அந்தச் சத்தம் வாசல் வரைக்கும் கேட்டுச்சு. அதுக்கு ஸ்தோத்திரம்" என்றேன்.

"பாத்தீங்களாட்டி, மாக்கான் பொண்டாட்டிக்கும் பேச வந்துட்டு" என்றார்கள்.

மறுநாள் ஏழு மணிக்கு லாரி வந்தது. அவர்கள் ஏறிப் போனார்கள். ஆசோ கிண்ணத்தைக் கழுவிக் கொண்டுவந்து கொடுத்தாள். நான் கிழங்கு வாங்க வரிசையில் போய் நின்றேன்.