மாசித் தண்ணீர்

லண்டன் ஹரோவில் எங்கள் வீட்டு வரவேற்பறையில் இப்போதெல்லாம் சனிக்கிழமைகளில் ஜப்பான் மொழி கேட்கிறது. தமிழ் வகுப்பில் படிப்பித்துவிட்டு வரும் மகள், சப்பாத்தைக் கழற்றிய கையோடு தொலைக்காட்சியின் முன் உட்கார்ந்துவிடுவாள். அவள் பார்ப்பது சாப்பாட்டைப் பற்றிய ஒரு ஜப்பானிய நாடகம். வாரம் ஒரு சின்னக் கடை, ஒரு கறி. ஏதோ கவலையோடு ஒருவர் வருவார், கை கூப்பிவிட்டுச் சாப்பிடுவார், கொஞ்சம் தெளிந்து வீட்டுக்குப் போவார். அவ்வளவுதான் கதை. ஒருவர் நூடில்ஸ் உறிஞ்சுவதை இரண்டு நிமிடம் காட்டுகிறார்கள். நம்முடைய சீரியல்களில் அந்த நேரத்துக்குள் இரண்டு கல்யாணம் நின்றிருக்கும்.

போன வாரம் அதில் ஒரு கிழவர் பழுப்பு நிறக் கட்டை ஒன்றைச் சீவிக்கொண்டிருந்தார். தச்சன் இழைப்புளி போடும்போது விழுவதைப்போலச் சுருள் சுருளாக விழுந்தது.

"அப்பா, அது என்ன, மரமா?" என்று மகள் கேட்டாள்.

"மாசியடி! மாசிக்கருவாடு!" என்று நான் போட்ட சத்தத்தில், குசினியில் நின்ற மனைவி அகப்பையோடு ஓடிவந்துவிட்டாள்.

தொலைக்காட்சிக்கு மணம் கிடையாது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் எனக்கு மணத்தது. புகையும் கடலும் கலந்த அந்த மணத்தில்தான் லண்டனில் என் முதல் உத்தியோகம் தொடங்கியது. உத்தியோகம் என்று ஒரு மரியாதைக்காகச் சொல்கிறேன். கோப்பை கழுவினேன்.

நகரின் நடுவில் ஒரு பின்தெருவில் இருந்தது அந்த ஜப்பானிய நூடில்ஸ் கடை. பதினான்கு இருக்கைகள். முதலாளியும் சமையற்காரரும் ஒருவரே, மொரி சான். 'சான்' என்பது நாங்கள் பெயருக்குப் பின்னால் போடும் ஐயா மாதிரி. ஒரு நாளைக்குப் பத்துச் சொல் பேசினால் அன்று அவர் உற்சாகமாக இருக்கிறார் என்று அர்த்தம். அங்கே மரக்கறி வெட்டிய மனோர் பார்க் செல்வா அண்ணைதான் என்னைக் கூட்டிக்கொண்டு போய் விட்டார். குரோய்டன் குடிவரவு அலுவலகத்தில் எனக்கு இங்கே இருக்கவும் வேலை செய்யவும் அனுமதி கிடைத்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

இரண்டு வாரம் பார்ப்பதாகவும், சரிவந்தால் நிரந்தரம் என்றும் மொரி சான் சொன்னார். எனக்கு அந்த 'நிரந்தரம்' வேண்டியிருந்தது. என் மனைவி கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் காத்திருந்தாள். நிரந்தர வேலை என்று முதலாளி ஒரு கடிதம் தந்தால்தான் அவளைக் கூப்பிடலாம் என்று சட்டத்தரணி சொல்லியிருந்தார். தொலைபேசியில் அவள் கேட்பதெல்லாம் ஒரே கேள்விதான்: "கடிதம் தந்திட்டினமோ?"

மூன்றாம் நாள் காலை, கடை திறக்க அரை மணித்தியாலம் இருந்தது. அடுப்பிலிருந்து இறக்கிய பெரிய பானையில் சீவிய மாசி ஊறிக்கொண்டிருந்தது. மொரி சான் பானையைக் காட்டினார், கம்பி வடியைக் காட்டினார், கையால் கவிழ்ப்பதுபோலச் செய்துகாட்டிவிட்டுத் தொலைபேசி எடுக்கப் போனார். இதில் விளங்காமல் போக என்ன இருக்கிறது? பிறந்ததிலிருந்து சோறு வடிப்பதைப் பார்த்தவன் நான். தண்ணீர் போகும், சோறு நிற்கும். அதுவும் இது மாசி! ஊரிலிருந்து யாராவது வந்தால் பொட்டலம் பொட்டலமாகக் கேட்டு வாங்கும் சாமான். வடியைக் கோப்பை கழுவும் சிங்கில் வைத்துப் பானையைக் கவனமாகச் சரித்தேன். பொன்னிறத் தண்ணீர் முழுவதும் ஓடிப்போனது. ஒரு துண்டு மாசிகூடச் சிந்தவில்லை. அதைக் கிண்ணத்தில் குவித்து, மேலே ஒரு தட்டும் மூடி வைத்தேன். பாராட்டை எதிர்பார்த்து நின்றேன் என்பதையும் உங்களிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அந்தத் தண்ணீர்தான் கடை. சூப், குழம்பு, தொட்டுக்கொள்ளும் சாறு என்று எல்லாவற்றுக்கும் அடி அதுதான். மாசி வெறும் சக்கை.

மொரி சான் வந்தார், சிங்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் புதுப் பானையில் தண்ணீர் வைத்தார். அந்தக் கடை அன்று முதல் தடவையாகப் பிந்தித் திறந்தது. வாடிக்கையாளர்கள் மழையில் வரிசையாக நின்றார்கள்.

"என்னடாப்பா செய்து வைச்சிருக்கிறாய்? மனுசன்ரை உயிரையெல்லே ஊத்திப்போட்டாய்!" என்றார் செல்வா அண்ணை. "மத்தியான வேலை முடிய முதலாளி உன்னோடை கதைக்கும். வீட்டை போகக் குளிர்க் கோட்டைக் கிட்ட எடுத்து வைச்சிரு."

முருகனுக்கு ஒரு தேங்காய் நேர்ந்தேன். பிறகு, நிலைமையை யோசித்து இரண்டாக்கினேன்.

மூன்று மணிக்கு வேலையாட்கள் சேர்ந்து சாப்பிடுவது ஜப்பானியக் கடைகளில் வழக்கம். முதலாளியும் அதே சோற்றைத்தான் சாப்பிடுவார். மகளின் நாடகத்திலும் இப்படி ஒரு காட்சி வருகிறது, அதில் எல்லோரும் சிரிக்கிறார்கள். அன்று எங்களில் ஒருவரும் சிரிக்கவில்லை. எனக்கோ ஒரே யோசனை. போவதுதான் போகிறோம், இவ்வளவு மாசியைக் குப்பையில் போட்டுவிட்டா போவது? சட்டியை அடுப்பில் வைத்தேன். மாசியைப் பிழிந்து ஈரம் போக வறுத்து, எள்ளெண்ணெயில் வெங்காயத்தை வதக்கினேன். செல்வா அண்ணை தன் லொக்கரில் ஒரு போத்தல் கட்டைத்தூள் வைத்திருந்தார். இடித்த செத்தல் மிளகாய் இல்லாமல் அந்த மனுசனுக்குச் சோறு இறங்காது. அதில் இரண்டு கரண்டி போட்டு, எலுமிச்சம்பழம் பிழிந்து இறக்கினேன்.

"வேண்டாமடா, கிழவன் செத்துப்போகும்" என்று அண்ணை என் கையைப் பிடித்தார். ஆனால் மொரி சான் ஏற்கனவே எடுத்துச் சோற்றில் போட்டுவிட்டார்.

முகம் சிவந்தது. நெற்றி வேர்த்தது. மூக்கைத் துடைத்தார், தண்ணீர் குடித்தார். பிறகு வெறும் கிண்ணத்தை என்னிடம் நீட்டினார். இன்னும் சோறு வேண்டுமாம்! மூன்றாம் தடவையும் நீட்டினார்.

"என் அம்மா இதைச் சோயாவில் வறுப்பார். ஒருநாளும் எறியமாட்டார்" என்றார் தன் அரைகுறை ஆங்கிலத்தில். பிறகு, "நாளைக்கு ஒரு மணித்தியாலம் முந்தி வா" என்றார். நான் எண்ணிப் பார்த்தேன், பத்துச் சொல்லைத் தாண்டிவிட்டது.

அதன் பிறகு கோப்பையும் கழுவினேன், சூப்பும் வடித்தேன். இரண்டு வாரம் ஒருவரும் சொல்லாமலே இரண்டு மாதமானது. கடிதத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, கேட்க எனக்கும் துணிவு வரவில்லை. ஒரு திங்கட்கிழமை காலை அவர் சமையல் மேலங்கியைக் கழற்றிக் கொளுவிவிட்டு, வாசல் பக்கமாகச் சுற்றி வந்து வாடிக்கையாளர் கதிரையில் உட்கார்ந்தார்.

"ஒரு நூடில்ஸ்" என்றார்.

நான் தனியே மாசி சீவி, தனியே ஊறவைத்து, தனியே வடித்தேன். அவர் பெரிய சத்தத்துடன் உறிஞ்சினார். அவர்களிடம் அது மரியாதை. கிண்ணத்தை இரு கையாலும் தூக்கிக் கடைசிச் சொட்டுவரை குடித்து, எங்களுக்கிடையில் இருந்த உயர்ந்த பலகையில் வைத்தார். உள்ளே ஒரு துளி இல்லை. சமைத்தவனுக்கு அதைவிடப் பெரிய மெடல் அவர்களிடம் கிடையாது. செல்வா அண்ணை வெங்காயத்தை விட்டுவிட்டுக் கை தட்டினார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, வெங்காயம் என்று சொல்லிச் சமாளித்தேன். அன்று பின்னேரம் மொரி சான் தந்த கடிதத்தில் 'நிரந்தரம்' இருந்தது. தொழில் என்ற இடத்தில் 'சமையற்காரர்' என்று இருந்தது. எழுத்துக் கூட்டி நாலு தரம் வாசித்தேன். அடுத்த வருசம் என் மனைவி ஹீத்ரோவில் வந்து இறங்கினாள்.

இருபது வருசம் அந்த அடுப்பில் நின்றேன். மொரி சான் ஊர் திரும்பி, அங்கேயே காலமானார். செல்வா அண்ணையும் இப்போது இல்லை. கட்டடச் சொந்தக்காரன் இடத்தைத் திருப்பி எடுத்துக்கொள்ள, கடையும் போய்விட்டது.

இந்தக் கதையைக் கேட்ட மகள், நாடகம் பார்த்த அடுத்த நாளே அந்த இடத்தைக் காட்டச் சொல்லி எங்களை மெட்ரோபொலிட்டன் லைன் ரயிலில் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போனாள். கடை இருந்த இடத்தில் நகத்துக்கு வர்ணம் பூசுகிறார்கள். அடுப்பு இல்லை, பலகை இல்லை, அந்த மணமும் இல்லை. கண்ணாடிக்கு வெளியே மூன்று பேரும் நின்று பார்த்தோம்.

"அப்ப ஒண்டுமே மிச்சமில்லையா, அப்பா?" என்றாள் மகள்.

பதில் சொன்னது என் மனைவி.

"ஏன் இல்லை? அந்தக் கடிதத்தாலை வந்த நான் நிக்கிறன்தானே" என்றாள். "நீயும் நிக்கிறாய்."