அவள் தூங்கிய பிற்பகல்

பிற்பகல் மூன்றே முக்காலுக்கு என் மகள் தூங்கிப்போனாள். எல்லாம் கெட்டுப்போகத் தொடங்கியது அப்போதுதான். ஆனால் அந்த நேரத்தில் எங்கள் வீட்டில் இருந்தது பண்டிகையின் சந்தோஷம்.

இடுப்பெலும்பில் கட்டி. வேலூரில் செய்ய முடிந்ததையெல்லாம் செய்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். இருபத்து நாலு வயதுப் பெண்ணால் மல்லாந்து படுக்க முடியவில்லை. சுவரில் தலையணையைச் சாய்த்து, உட்கார்ந்தபடியே கண்ணை மூடுவாள்; முனகிக்கொண்டே விழிப்பாள். வலி மாத்திரைகள் வாந்தியாகிக்கொண்டிருந்தன. எங்கள் தெருமுனைக் கிளினிக்கின் இளம் டாக்டர், தோலில் ஒட்டும் பேட்ச் எழுதிக்கொடுத்தார். மார்ஃபின் போன்ற மருந்து, மூன்று நாளைக்கு மெதுவாக உள்ளே இறங்கும் என்றார்.

"வலிக்கிற எடத்துலயே ஒட்டிடலாமா சார்?" என்று என் கணவர் கேட்டார்.

"ஒட்டுங்க, ஒட்டுங்க." வெளியே வரிசை வாசல்வரை நின்றது.

சுளுக்குக்கு மருந்துக்கடையில் வாங்கும் பிளாஸ்திரி போலத்தான் நாங்கள் அதை நினைத்தோம். மறுநாள் கீழ்பென்னாத்தூரிலிருந்து அக்கா வந்தாள். பையில் பச்சை வேர்க்கடலை. என் மகள் இடுப்பைப் பிடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு நேராக அடுப்படிக்குப் போனாள்.

"இன்னாடி இது, பிளாஸ்திரி ஒட்டிட்டா போதுமா? சூடு காட்டினாத்தான் மருந்து இறங்கும்."

கல் உப்பை வறுத்து, பழைய வேட்டித் துணியில் முடிந்து, பேட்சின் மேலேயே ஒத்தி ஒத்தி எடுத்தாள். "நல்லா இருக்குது பெரியம்மா, இன்னும் கொஞ்சம்" என்றாள் மகள். உப்பு ஆற ஆற அக்கா மறுபடி வறுத்துக் கொண்டுவந்தாள்.

பிறகு மகள் மெல்லச் சரிந்தாள். மல்லாந்து படுத்தாள். கால்கள் தாமாக நீண்டன. அக்காவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நான் ஓடிப்போய் மிக்சியை நிறுத்தினேன். கணவர் தெருவில் இறங்கி, இளநீர்க்காரரிடம் "பொண்ணு தூங்குது, கூவாதீங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். பக்கத்து வீட்டில் டிவியின் சத்தத்தைக் குறைத்தார்கள். வாய் லேசாகத் திறந்திருக்க, பள்ளிக்கூடத்திலிருந்து வந்து சீருடையோடே தூங்கிவிடுவாளே, அந்த முகம். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

டீ எடுத்துக்கொண்டு வந்த கணவர்தான் கவனித்தார். "இது தூக்கம் இல்லடி." உதடு கறுத்திருந்தது. ஒரு மூச்சு வந்தது. அடுத்தது வருமென்று நின்றோம். வரவில்லை. அப்புறம் வந்தது.

ஆட்டோவில் என் மடியில் அவள் தலை. அரசு மருத்துவமனையில் புடவையை விலக்கிப் பார்த்த நர்ஸ், "இங்க எதுக்கு இவ்ளோ செவந்திருக்கு, சூடு காட்டினீங்களா?" என்றார். அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. மூன்று நாள் இறங்க வேண்டிய மருந்தைச் சூடு அவசரப்படுத்தி உள்ளே தள்ளியிருக்கிறது. பேட்சைப் பிய்த்தெடுத்து, மருந்தை முறிக்கும் ஊசி போட்டார்கள். அவள் கண்ணைத் திறந்தாள். கூடவே வலியும் திரும்பிவர, அலறினாள். பெற்ற பெண்ணின் அலறலைக் கேட்டு நான் கைகூப்பினேன்.

அதன்பின் கிளினிக் டாக்டர் எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "இனிமே இந்த மருந்தை யாருக்கும் எழுத மாட்டேம்மா. வேலூருக்கே போயிடுங்க." வேறு இரண்டு இடங்களிலும் இதே பதில், செய்தி எங்களுக்கு முன்னால் போயிருந்தது. வேலூர்ச் சாலையின் ஒவ்வொரு வேகத்தடையும் அவள் உடம்பைக் கடந்துதான் போனது. பாதி வழியில் ஒருமுறை திரும்பிவந்தோம். அக்கா வருவதை நிறுத்திக்கொண்டாள். போனில் "வலி எப்டி இருக்குது?" என்பாள், பதிலைக் கேட்டதும் வைத்துவிடுவாள்.

எனக்கு அந்தப் பிற்பகல் மட்டும் திரும்ப வேண்டியிருந்தது. அந்த நீட்டிய கால்கள், அந்த முகம். அதே சமயம் அவள் சற்றே கண்ணயர்ந்தால்கூட என் விரல் அவள் மூக்கருகே போய்விடும்.

"மூக்குத்தியத் திருடப் போறியா?" என்பாள் கண்ணைத் திறக்காமலே.

சில வாரங்கள் கழித்து, அரசு மருத்துவமனையில் விஷயத்தைக் கேள்விப்பட்டு ஒரு பெண் டாக்டர் போனில் அழைத்தார். ஊர் ஊராகப் போய் டாக்டர்களுக்கு வலி மருத்துவம் சொல்லித்தருகிறவர். செங்கம் சாலையில், வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் விடுதி ஒன்றின் கூடத்தில் வகுப்பு. "நடந்ததை வந்து சொல்ல முடியுமாங்க? யாரையும் குத்தம் சொல்ல இல்ல."

போனேன். கடைசி வரிசையில் எங்கள் கிளினிக் டாக்டர் குனிந்து உட்கார்ந்திருந்தார். உப்பு, வேட்டித் துணி, நிறுத்திய மிக்சி, இளநீர்க்காரர் என்று நடந்தபடியே சொன்னேன். முடித்ததும் அந்தப் பெண் டாக்டர் வந்திருந்தவர்களிடம் கேட்டார்: "வீட்ல ஒத்தடம் கொடுப்பீங்களானு நோயாளிகிட்ட கேட்டிருக்கறவங்க கை தூக்குங்க."

ஒரு கையும் எழவில்லை. "சிலபஸ்லயே இல்லையே மேடம்" என்றார் ஒருவர். சிரிப்பு எழுந்தது.

"சரி. உங்க வீட்ல ஒத்தடம் கொடுப்பாங்களா?"

எல்லாக் கைகளும் எழுந்தன. சிரிப்பு அடங்கிப்போனது.

"அப்ப இனிமே கேளுங்க. வலி எடுக்கற எடத்துல ஒட்டற பிளாஸ்திரி இல்ல இதுனு சொல்லுங்க. கம்மியா ஆரம்பிங்க, மறுநாளே போய்ப் பாருங்க. பயந்துபோய் எழுதாம விட்டா ஆபத்து போயிடாது. அந்தப் பொண்ணு இன்னும் உக்காந்துகிட்டேதான் தூங்குது."

சாப்பாட்டு வேளையில் எங்கள் டாக்டரைத் தேடினேன். நாற்காலி காலியாக இருந்தது. வகுப்பு மறுநாளும் உண்டு. அதற்காவது அவர் போனாரா என்று பிறகு யாரிடமும் கேட்க எனக்குத் துணிவில்லை.

அடுத்த பௌர்ணமியன்று அவளுக்கு வலி தாங்க முடியாமல் போயிற்று. தெருவெல்லாம் கிரிவலக் கூட்டம். ஆட்டோ தேடிப் போன கணவர், "தடுப்பு வச்சிட்டாங்க, எதுவும் உள்ள வராது" என்று திரும்பினார். அக்கா மட்டும் வந்தாள், ஊருக்கு வெளியே பஸ்ஸை விட்டு இறங்கி, கூட்டத்தோடு நடந்து. மகள் இருந்த அறைப்பக்கம் போகாமல் அடுப்படியிலேயே நின்றாள். அறையிலிருந்து வந்த முனகல் அவளுக்கும் கேட்டது.

வெயில் தாழ்கிற நேரத்தில் கதவு தட்டப்பட்டது. கிளினிக் டாக்டர். பையை மார்போடு அணைத்திருந்தார், சட்டை நனைந்திருந்தது.

"கிளினிக்குக்கு இன்னிக்கு லீவு, உங்களப் பாக்கத்தான் வீட்லேருந்து கெளம்பினேன், வண்டிய விடலம்மா. நடந்தே வந்துட்டேன். ரெண்டு நாளும் இருந்து வகுப்ப முடிச்சேன். உங்க முன்னாடி உக்காந்து சாப்பிட முடியாமத்தான் அன்னிக்கு வெளிய போயிட்டேன்."

மகள் பக்கத்தில் உட்கார்ந்து, எங்கே, எப்படி, எப்போது அதிகம் என்று அவளிடமே கேட்டார். அவசரமில்லாமல் கேட்டார். முன்னைவிடச் சின்ன அளவுப் பேட்ச் ஒன்றைத் தோள்பட்டைக்குக் கீழே ஒட்டி, அதன்மேல் பேனாவால் நேரம் எழுதினார். வாந்திக்குத் தனி மாத்திரை கொடுத்தார். "உடனே கேக்காது, ராத்திரி ஆயிடும். நாளைக்குக் காலைல வரேன்."

பிறகு அடுப்படியைப் பார்த்தார். "அன்னிக்கு ஒத்தடம் கொடுத்தவங்க யாரும்மா?"

அக்கா முந்தானையில் கையைத் துடைத்தபடி கதவருகே வந்து நின்றாள். "நான்தாங்க."

அவர் எழுந்து, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினார்.

"உங்கள நான் அன்னிக்கே கூப்பிட்டுக் கேட்டிருக்கணும், கேக்கல. உக்காருங்க பெரியம்மா. சூடு எங்க காட்டலாம், எங்க காட்டக்கூடாதுனு மொதல்ல உங்களுக்குத்தான் சொல்லணும்."