உறை பிரிக்காத ஒரு பந்தய விளையாட்டு

சோதிலிங்கத்தைப் புதிதாகப் பார்ப்பவர்கள் ஊமை என்றுதான் நினைப்பார்கள். "வாய்க்குள்ளை என்ன கொழுக்கட்டையே வைச்சிருக்கிறாய்?" என்று நானே எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். இத்தாலியில், இந்தப் பலெர்மோவில் நம்மவர்களுக்கு இருக்கிற வாய்க்கு, இவன் ஒருவனாவது பேசாமல் இருக்கிறானே என்று எனக்கு ஆறுதல். அந்த வாயை இன்னும் இறுக்கிக் கட்டிவிட்ட புத்திசாலியும் நான்தான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

போர்கோ வெக்கியோ சந்தைக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு கடை. ஊருக்குப் பேசத் தொலைபேசி, மூன்று கணினி, கொஞ்சம் மிளகாய்த்தூள். சோதிலிங்கம் சீசா என்ற பகுதியில் நாலாம் மாடியில், மனைவி ஞானம்பிகையோடு ஒற்றை அறையில் இருந்தான். பிள்ளைகள் இல்லை. காலையில் ஸ்ரெல்லா என்ற கிழவியின் வீட்டைத் துடைப்பான். மாசி, பங்குனியில் சியாகுல்லிக்கு மண்டரின் பறிக்கப் போவான். தோட்டத்தில் பகலெல்லாம் நின்றாலும் ஒரு பழத்தை உரித்துத் தின்னமாட்டான் என்று கூடப் போகிறவர்கள் சிரிப்பார்கள்.

2002 நத்தார்ப் பண்டிகைக்கு ஸ்ரெல்லா தூரின் நகரில் இருக்கும் பேரனுக்கென்று ஒரு வீடியோ கேம் வாங்கி வைத்தாள். பெயர் கோபால்ட் ரன் 2190. சக்கரமே இல்லாத கார்கள் நிலத்துக்கு மேலே பறந்து, ஒன்றை ஒன்று சுட்டுக்கொண்டே பந்தயம் ஓடும். பேரன் அந்த நத்தாருக்கும் வரவில்லை, அடுத்ததற்கும் வரவில்லை. மனம் விட்டுப்போய் அதைச் சோதிலிங்கத்திடம் கொடுத்துவிட்டாள். விளையாட அவனிடம் மெஷின் ஏது? பிளாஸ்ரிக் உறையோடு அலுமாரிக்கு மேல் போட்டுவிட்டான்.

2006 ஓகஸ்ட்டில் திரும்பவும் சண்டை மூண்டு யாழ்ப்பாணத்துப் பாதையை மூடினார்கள். ஞானம்பிகையின் ஒரே தம்பி தனேஸ் உள்ளே அகப்பட்டுக்கொண்டான். இருபது வயது. இளம் பெடியன்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போய்க்கொண்டிருந்த நாட்கள் அவை. ஞானம்பிகை தினமும் என் கடைக்கு வந்து, லைன் கிடைக்கும்வரை எண்களை அழுத்திக்கொண்டே இருப்பாள். கொழும்பில் ஒரு ஏஜென்ற் அவனைக் கப்பலில் எடுத்து வெளியே அனுப்புவதாகச் சொன்னான். ஒக்ரோபர் பத்தாம் திகதிக்குள் முன்பணம் வேண்டும். எல்லாம் திரட்டியும் இரண்டாயிரம் யூரோ குறைந்தது.

அந்த நேரத்தில்தான் கத்தானியாவிலிருந்து பழைய கேம்கள் சேர்க்கும் ஒருவன் வந்து என் கடைக் கதவில் ஒரு தாளை ஒட்டினான். அதில் கோபால்ட் ரன்னின் படம். அதைச் செய்த கொம்பனி கேம் வெளிவந்த வருடமே படுத்துவிட்டதாம், வெளியே போனது கொஞ்சப் பெட்டிதானாம். உறை பிரிக்காத ஒன்றுக்கு இரண்டாயிரம் தருவானாம். சோதிலிங்கம் அந்தத் தாளுக்கு முன்னால் பத்து நிமிடம் நின்றான்.

"அண்ணை, இது என்னட்டைக் கிடக்கு."

"உறை கிழியேல்லையே?"

"ஓம், அப்பிடியே கிடக்கு."

நான் கத்தானியாக்காரனுக்கு உடனே போன் எடுத்தேன். திங்கட்கிழமை வருகிறேன் என்றான். பிறகு என் திருவாயைத் திறந்தேன்.

"இஞ்சை பார், ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. கண்பட்டுப் போகும். உன்ரை மனிசிக்கும் ஒண்டும் சொல்லாதை."

அவன் சொல்லவில்லை. பெட்டியை இறக்கித் துடைத்து ஞானம்பிகையிடம் கொடுத்து, "இது தம்பியின்ரை விசயத்துக்கு வேணும், கவனமா வை" என்று மட்டும் சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டான்.

திங்கள் மத்தியானம் கத்தானியாக்காரன் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு காத்திருந்தான். சோதிலிங்கம் ஒரு புதுத் துவாயில் சுற்றிய பொதியோடு வந்தான். மேசையில் வைத்து விரித்தான்.

உறை இல்லை. பெட்டியின் நாலு மூலையிலும் மஞ்சள், நடுவில் சந்தனம், அதற்கு மேல் குங்குமம். மட்டை ஈரத்தில் ஊறி உப்பியிருந்தது. ஒரு செவ்வரத்தம்பூ இதழும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"நேற்று சரஸ்வதி பூசை" என்றான் சோதிலிங்கம்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தம்பியின் உயிர் இதில் இருக்கிறது என்றால் எந்த அக்காதான் அதைச் சாமிக்கு முன்னால் வைக்கமாட்டாள்? பிளாஸ்ரிக்கோடு யார் பூசைக்கு வைப்பார்கள்? புதுச் சீலையைக்கூட உறையை உரித்து, ஓரத்தில் மஞ்சள் தடவித்தானே வைக்கிறோம். அவள் செய்ததில் ஒரு குறையும் இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்தை யார்மேல் போடுவது என்று தெரியவில்லை, என்மேலேயே போட்டுக்கொண்டேன்.

கத்தானியாக்காரன் கையுறையைக் கழற்றினான். அறுபது யூரோ தருகிறேன் என்றான், பாவம் பார்த்துத்தான். சோதிலிங்கம் வாங்கவில்லை. வந்தவன் போனபிறகு சோதிலிங்கம் என்னிடம் சொன்னான்.

"அண்ணை, அவள் உறையைக் கழட்டினதாலைதான் எண்டு அவளுக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சால் செத்துப்போவாள். வாங்கிற ஆள் வரேல்லை எண்டு சொல்லுறன்."

அந்த எட்டு நாளில் கடன் கேட்டு நாங்கள் போகாத வீடில்லை. எல்லோருக்கும் யாழ்ப்பாணத்தில் காப்பாற்ற ஒரு தம்பியோ மகனோ இருந்தான். பத்தாம் திகதி தனேஸின் இடத்தை ஏஜென்ற் வேறு யாருக்கோ கொடுத்துவிட்டான். நவம்பரில் தனேஸ் கப்பலில் வெளியேற ஆமி கொடுக்கும் பாஸுக்கு வரிசையில் நிற்கப் போனான், திரும்பி வரவில்லை. சைக்கிள் மட்டும் மதகடியில் கிடந்ததாம். யார் கொண்டுபோனார்கள் என்று யாருக்கும் தெரியாது, தெரிந்தவர்களும் சொல்லமாட்டார்கள்.

இப்போது 2009. சண்டை முடிந்துவிட்டது என்கிறார்கள். தடுப்பு முகாம்களிலாவது இருப்பானோ என்று ஞானம்பிகை இன்னமும் என் கடைக்கு வந்து போன் எடுக்கிறாள். சோதிலிங்கம் வருவதில்லை. போன கிழமை அவள் தொலைபேசியை வைத்துவிட்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"அண்ணை, அண்டைக்கு நான் பூசையிலை ஏதும் பிழை விட்டனானோ?"

"இல்லைப் பிள்ளை. நீ ஒரு பிழையும் விடேல்லை" என்றேன். அது உண்மை.

அவள் போன் காசை எண்ணி மேசையில் வைத்தாள்.

"அப்ப ஏன் அண்ணை, அண்டையிலை இருந்து இவர் என்ரை முகத்தைப் பாக்கிறேல்லை?"