படியேறிப் போன லிஃப்ட் மெக்கானிக்

லிஃப்ட் மெக்கானிக் படியேறிப் போனால் ஊர் சிரிக்காதா? சிரித்தது. 'படிக்கட்டு' என்று பட்டப்பெயரும் வைத்துவிட்டது. தோளில் பத்துக் கிலோ பையோடு, பன்னிரண்டு மாடியையும் மூச்சிரைக்க ஏறுகிற மனுஷனை வேறெப்படிக் கூப்பிடுவார்கள்?

விஷயம் இதுதான். ஐந்து மாதம் முன்பு, ஏழாவது மாடியைத் தாண்டும்போது, லிஃப்ட் ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. இவருக்குத்தான் நெஞ்சு படபடவென்று அடித்தது. விரல்கள் மரத்தன, தலை சுற்றியது. 'சரி, போய்ச் சேரப்போகிறோம்' என்றே நினைத்துவிட்டார், பாவம். மூன்று தடவை ஈசிஜி எடுத்தார்கள், மூன்றும் சுத்தம். அதுதான் அவரை இன்னும் குடைந்தது. பாகமெல்லாம் சரி, வண்டி மட்டும் ஓடாதாம்! அன்றிலிருந்து அந்தப் பெட்டிக்குள் அவர் கால் வைக்கவில்லை. அடுத்த மாதமோ வருடாந்திரச் சோதனை. உள்ளே நின்று மேலே போய் வந்து கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் வேலை போய்விடும்.

மனைவிதான் மனநல மருத்துவரிடம் இழுத்துப் போனாள். "எனக்கென்ன பைத்தியமா?" என்று வழியெல்லாம் முறைத்துக்கொண்டே போனார்.

"எப்பெப்ப வருது? எவ்வளவு நேரம் இருக்கு?" என்று டாக்டரம்மா கேட்டார்.

லிஃப்டில் ஒரு திருகாணியைக் கழற்றும் முன் எந்த மாடி, எத்தனை மணி, என்ன சத்தம் என்று ஒரு வாரம் நோட்டில் எழுதிப் பார்க்கிற ஆள், தன் உடம்புக்கு ஒரு வரி எழுதவில்லை! வெட்கம் பிடுங்கித் தின்றது. அன்றே புது நோட்டு வாங்கினார்.

மூன்று வாரத்தில் நோட்டு பேசியது. லிஃப்ட் மேல் போட்டது வீண்பழி; படபடப்பு கடைத்தெருவிலும் வந்திருந்தது. தூக்கம் கெட்ட நாளிலும், நாலாவது காப்பி குடித்த நாளிலும் அதிகம். வந்ததெல்லாம் சிறிது நேரத்தில் உச்சிக்குப் போய்த் தானாகவே இறங்கியிருந்தது. லிஃப்டுக்கு எழுதுவதுபோலவே முதல் பக்கத்தில் வயதையும் எழுதியிருந்தார். நாற்பத்தாறு. அப்பா மாரடைப்பில் போன வயது. அதைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது.

"அப்ப காரணம் அதுதானா டாக்டர்?"

"அதுவும் ஒண்ணு. சுபாவம், தூக்கம், காப்பி, எல்லாம் சேர்ந்துதான் வரும்."

"கயிறு நல்லா இருக்கும்போதே, அறுந்துட்டதா நினைச்சு, லிஃப்ட் விழாம தடுக்கிற காவல் கருவி பிடிச்சுக்கிற மாதிரியா?"

"அதேதான்! வந்தா வரட்டும்னு உள்ளயே நில்லுங்க. படிக்கு ஓடினா, படிதான் காப்பாத்துச்சுன்னு மனசு நம்பிடும்."

சோதனை நாள் காலை. "நீங்க ஏறின படியை நானும் ஒருதரம் பாக்கறேன். மேல நிக்கறேன், வாங்க" என்று மனைவி முன்னாலேயே ஏறிப்போனாள்.

ஏழாவது மாடியில் அது வந்தேவிட்டது. நோட்டில் எழுதினார்: மணி பத்து பன்னிரண்டு. வேகம் சரி. சத்தம் சரி. நெஞ்சு தாறுமாறு. எட்டாவது மாடி. ஒன்பது. நிறுத்தும் பொத்தானுக்குப் போன விரலை மடக்கிக்கொண்டார்.

பன்னிரண்டில் கதவு திறந்தது. வியர்த்து விறுவிறுத்து மனைவி நின்றிருந்தாள்.

"படபடப்பு போயிடுச்சா?"

"எங்க போச்சு? இங்கதான் நிக்குது." கதவைக் கையால் பிடித்துக்கொண்டு ஓரமாக ஒதுங்கி நின்றார். "நீயும் வா. மூணு பேருமா இறங்கலாம்."